வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைப்பது: மாதம் 5,000 கூடுதலாகக் கட்டினால் என்ன நடக்கும்?

கேள்வி இதுதான்: "போன வருடம் கோவையில் ஒரு ஃபிளாட் வாங்கினேன். கடன் 40 லட்சம், 20 வருடம், மாறும் வட்டி 8.5 சதவீதம், மாதத் தவணை 34,713 ரூபாய். பன்னிரண்டு தவணை கட்டிய கையோடு ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தால் பகீரென்றது. 4 லட்சத்து 16 ஆயிரம் கட்டியிருக்கிறேன், அசலில் 80 ஆயிரம்கூடக் குறையவில்லை. இனி மாதம் 5,000 கூடுதலாகக் கட்ட முடியும், தீபாவளிக்கு போனஸும் வரும். கட்டலாமா, இல்லை மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி போடலாமா? கடன் கொடுத்த இடத்தில் கேட்கப் போனால் 'இஎம்ஐ (மாதத் தவணை) குறைக்கவா, டென்யூர் (கடன் காலம்) குறைக்கவா' என்கிறார்கள். எதைச் சொல்வது?"

அந்த ஸ்டேட்மெண்டில் தப்பு எதுவும் இல்லை. நான் பதினெட்டு வருடம் ஒரு வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன். முதல் வருட ஸ்டேட்மெண்டை எடுத்துக்கொண்டு "சார், ஏமாத்திட்டீங்களா?" என்று வந்து நிற்பவர்களை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். யாரும் ஏமாற்றவில்லை. 40 லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்றால் முதல் மாத வட்டியே 28,333 ரூபாய். நீங்கள் கட்டிய 34,713-ல் அது போக மிச்சம் 6,380. அதுதான் அசலில் கழிந்தது. அசல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையக் கரைய வட்டி குறையும், அசலுக்குப் போகும் பங்கு கூடும். ஆனால் அது நகரும் வேகம் இருக்கிறதே! உங்கள் கடனில் தவணையின் பாதி அசலுக்குப் போக ஆரம்பிப்பது ஏறக்குறைய பன்னிரண்டாவது வருடம் முடியும் சமயத்தில்தான்.

கூடுதலாகக் கட்டும் பணம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். கடன் கொடுத்தவர்களிடம் திருப்பிச் செலுத்தும் அட்டவணை கேட்டால் கொடுப்பார்கள், அல்லது எக்செல்லில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். உங்கள் பாக்கி அசல் இப்போது 39,20,391 ரூபாய். பதின்மூன்றாவது வரியில் வட்டி 27,769, அசல் 6,944 என்று இருக்கும். அதற்குக் கீழே பதினான்காவது வரியில் வட்டி 27,720, அசல் 6,993. இந்த மாதத் தவணையோடு சேர்த்து அந்த 6,993-ஐயும் கட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். பதினான்காவது வரியே அட்டவணையிலிருந்து அழிந்துபோகும். அடுத்த மாதம் நீங்கள் கட்டுவது பதினைந்தாவது வரி. அழிந்த வரியில் இருந்த 27,720 ரூபாய் வட்டியை இனி நீங்கள் கட்ட வேண்டியதே இல்லை. கூடுதலாகப் போடும் ஒவ்வொரு ரூபாயும் நேராக அசலில் விழுவதால் வருவது இது. வேறு மந்திரம் கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், யூடியூப் வீடியோக்களில் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அந்த 27,720 அடுத்த மாதமே உங்கள் பையில் வந்து விழாது. கடனின் கடைசித் தவணை ஒன்று குறையும், அவ்வளவுதான். இன்று போட்ட ஏழாயிரத்துக்கு வரவு பத்தொன்பது வருடம் கழித்து. அன்றைக்கு 27 ஆயிரத்துக்கு என்ன மதிப்பு இருக்குமோ, யாருக்குத் தெரியும். ஆக, முன்கூட்டிக் கட்டுவதில் உண்மையான லாபம் என்ன என்று கேட்டால், உங்கள் கடன் வட்டி எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம். 8.5 என்றால் 8.5. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எந்த வருடம் கட்டினாலும் அதுதான். முதல் வருடக் கடைசியில் ஒரு லட்சம் கட்டினால் ஏறக்குறைய 14 தவணை குறைந்து 3.78 லட்சம் வட்டி மிச்சமாகிறது. பதினைந்தாவது வருடக் கடைசியில் அதே ஒரு லட்சத்தைக் கட்டினால் நாலு தவணைக்குக் கொஞ்சம் மேலே குறைந்து 51 ஆயிரம்தான் மிச்சம். முதலில் கட்டிய ஒரு லட்சத்துக்குக் குட்டி போட அதிக காலம் இருந்தது, அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். "சீக்கிரம் கட்டு" என்று சொல்வதன் பின்னால் இருப்பது இவ்வளவே.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். இப்படியே கட்டிக்கொண்டு போனால் இன்னும் 228 தவணை, அதில் வட்டி மட்டும் சுமார் 39.94 லட்சம். மாதம் 5,000 சேர்த்து 39,713 கட்டினால் 170 மாதத்தில் முடியும். 58 மாதம், அதாவது ஐந்து வருடத்துக்கு இரண்டே மாதம் குறைவு. வட்டியில் சுமார் 11.5 லட்சம் மிச்சம். மாதாமாதம் வேண்டாம், போனஸ் வரும்போது வருடத்துக்கு ஒரு தவணை மட்டும் கூடுதலாகக் கட்டுகிறேன் என்றால் சுமார் மூன்று வருடம் குறையும், ஏழு லட்சம் மிச்சமாகும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. சம்பளம் கூடும்போது தவணையையும் வருடத்துக்கு 5 சதவீதம் கூட்டிக்கொண்டே போவது. உங்களுக்கு இந்த வருடம் கூடுதல் சுமை மாதம் 1,736 ரூபாய்தான், தவணை 36,449 ஆகும். அடுத்த வருடம் அதற்கு மேல் 5 சதவீதம். இப்படியே போனால் இன்னும் பதினொன்றேகால் வருடத்தில் கடன் முடிந்துவிடும். மிச்சம் 15 லட்சத்துக்கு மேல். நிலையாக 5,000 கட்டுவதைவிட இது ஆரம்பத்தில் லேசு, முடிவில் பலன் அதிகம். ஆனால் கடைசி வருடத் தவணை 60 ஆயிரத்தைத் தாண்டிப் போகும் என்பதை மறந்துவிடாதீர்கள். சம்பளம் நின்றுபோனால் அன்றைக்கே கூட்டுவதை நிறுத்திவிடலாம். அந்த உரிமை உங்கள் கையில் இருக்க வேண்டுமானால் ஒப்பந்தத் தவணையை மாற்றாமல், கூடுதல் பணத்தைத் தனியாக, அசலில் கழியும் பகுதித் தொகையாக (பார்ட் பேமெண்ட்) கட்டிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். 5,000 எடுத்து வைப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் வட்டி ஏன் இன்னும் 8.5-ல் நிற்கிறது? ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2025 தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்தது, அந்த வருடம் முடிவதற்குள் 5.25-க்கு இறங்கிவிட்டது. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் கொடுக்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் எல்லாம் ரெப்போ மாதிரியான வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். ஆனால் வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு, அதாவது ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு, அந்த விதி இல்லை. அவர்கள் தங்கள் சொந்த அளவுகோலை வைத்துக்கொள்வார்கள். ஏறும்போது லிஃப்டில் ஏறும், இறங்கும்போது படிக்கட்டில் நின்று நின்று இறங்கும். உங்கள் கடன் அப்படிப்பட்ட ஒன்றாக இருக்கலாம், அல்லது ரெப்போவுக்கு மேல் உங்களுக்குப் போட்டிருக்கும் ஸ்ப்ரெட், அதாவது கூடுதல் வட்டி, அதிகமாக இருக்கலாம்.

போய்க் கேளுங்கள். இன்றைக்குப் புதிதாக வருபவருக்கு என்ன வட்டி கொடுக்கிறீர்கள், எனக்கு ஏன் இது என்று எழுதியே கேளுங்கள். ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய வாடிக்கையாளருக்கும் வட்டியைக் குறைத்துக் கொடுப்பது பல இடங்களில் இருக்கும் வழக்கம்தான், வாய் திறந்து கேட்பவர்களுக்கு. 8.5 என்பது 7.75 ஆகி, தவணை மட்டும் அதே 34,713 ஆக இருந்தால், ஒரு ரூபாய் கூடுதலாகக் கட்டாமலே 25 தவணை குறைகிறது. சுமார் 8.7 லட்சம் மிச்சம். மாதம் ஐயாயிரம் பதினாலு வருடம் கட்டிக் கிடைக்கும் மிச்சத்தில் முக்கால் பங்கை ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்கிறது!

கொடுக்க மாட்டேன் என்றால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு ஒரு செலவு உண்டு. பத்திரத்தை ஒப்படைத்ததற்கான ஆவணத்தை, எம்ஓடி என்பார்களே, அதைப் புது வங்கியின் பெயரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுபடி பதிய வேண்டும். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், வக்கீல் கருத்துரை, பிராசஸிங் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உங்களுக்கு இன்னும் பத்தொன்பது வருடம் இருப்பதால் அரை சதவீதம் குறைந்தாலே பெரும்பாலும் கட்டுப்படியாகும். நாலைந்து வருடமே பாக்கி இருப்பவருக்கு இது வீண் அலைச்சல்.

வட்டி இறங்கும்போது இன்னொன்றும் நடக்கும். சில இடங்களில் தானாகவே தவணையைக் குறைத்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிடுவார்கள். கை நிறைய சந்தோஷமாக இருக்கும். அப்படி வந்தால் பழைய தவணையையே வைத்துக் காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். வட்டி ஏறும்போது இதற்கு நேர் எதிராக நடக்கும்: தவணை அப்படியே இருக்கும், காலம் சத்தமில்லாமல் நீளும். 2021-ல் 6.75 சதவீதத்தில் 40 லட்சம் வாங்கியவருக்குத் தவணை 30,415. இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டி 38 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்திருப்பார். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5-க்கு ஏறியது. அவருடைய வட்டி 9.25. அதே தவணையில் அந்தக் கடன் முடிய இன்னும் எவ்வளவு காலம் தெரியுமா? முப்பத்தைந்து வருடத்துக்கு மேல். பதினெட்டு வருடம் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் தவணை கட்ட வேண்டிய கணக்கு.

இந்தக் கூத்து தாங்காமல்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி திருத்தும்போது தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா, இரண்டிலும் கொஞ்சமா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் பகுதியாகவோ முழுவதுமாகவோ கட்ட வழிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதுவரை கட்டிய அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று காட்டும் ஸ்டேட்மெண்டும் தர வேண்டும். அந்தக் 'பாக்கித் தவணை' என்ற ஒற்றை எண்ணை மட்டும் காலாண்டுக்கு ஒரு முறை ஒரு டைரியில் குறித்து வாருங்கள். வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

இனி நீங்கள் கேட்ட 'இஎம்ஐயா டென்யூரா'. ஒரு லட்சம் கட்டிவிட்டுத் தவணையைக் குறைத்தால் மாதம் 885 ரூபாய் குறையும். 228 மாதத்துக்கும் சேர்த்து வட்டியில் மிச்சம் சுமார் ஒரு லட்சம். காலத்தைக் குறைத்தால் 3.78 லட்சம். ஆக, காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள் என்பதுதான் பொதுவான பதில், என் பதிலும் அதுதான். ஒரே ஒரு விதிவிலக்கு. வேலை ஆட்டம் காண்கிறது, வீட்டில் ஒரே சம்பளம் என்றால் தவணையைக் குறைத்துக்கொள்வதில் தப்பில்லை. குறைந்த 885-ஐத் திரும்பத் திரும்ப நீங்களே கடனில் போட்டு வந்தால் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். கெட்ட காலம் வந்தால் கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகை மட்டும் சின்னதாக இருக்கும். ஆனால் அந்த 885 டீக்கடையிலும் ஸ்விக்கியிலும் கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் மனிதர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

பணத்தை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். இதில் நானே சறுக்கினேன். என் சொந்தக் கடன் ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில். சம்பள அரியர்ஸ் வந்த ஒரு மார்ச் மாதம், 50 ஆயிரத்தை அவர்கள் ஆப் வழியாகக் கட்டினேன். ரசீது வந்தது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி தவணை பிடிக்கவில்லை. சர்வர் கோளாறு என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த மாதம் பாதித் தவணைதான் பிடித்தார்கள். அப்போதுதான் பொறி தட்டியது. ஸ்டேட்மெண்டைத் திறந்தால், என் 50 ஆயிரம் அசலில் கழியவே இல்லை. 'முன்பணத் தவணை' என்று ஓரமாக நிறுத்தி, வரப்போகும் தவணைகளுக்கு அதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வட்டியில் காலணா மிச்சமில்லை. கடன் பிரிவில் வேலை பார்த்தவனுக்கே இந்தக் கதி. கிளைக்குப் போய்க் கேட்டால், அந்தப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "சார், நீங்க பார்ட் பேமெண்ட்னு செலக்ட் பண்ணலையே" என்றார். மறுபடி பணம் புரட்டிக் கட்டினேன், இந்த முறை கடிதத்தோடு.

அதனால், கட்டும்போது 'பகுதித் தொகை (பார்ட் பேமெண்ட்), அசலில் கழிக்கவும், தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்' என்று எழுதிக் கொடுங்கள், அல்லது மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு வாரத்தில் புது அட்டவணை வாங்கிப் பாருங்கள், பாக்கி அசல் நீங்கள் கட்டிய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். பல வங்கிகளில் கடன் கணக்கு எண்ணுக்கே நெட்பேங்கிங்கில் பணம் அனுப்பிவிடலாம், 500 ரூபாய்கூடப் போடலாம். சில நிறுவனங்களில் குறைந்தது ஒன்றிரண்டு தவணை அளவுக்கு இருந்தால்தான் வாங்குவார்கள். அப்படியானால் மாதம் 5,000-ஐ ஒரு ரெக்கரிங் டெபாசிட்டில் சேர்த்து, தேவையான அளவு சேர்ந்ததும் கட்டிவிடுங்கள். வட்டி எந்த அடிப்படையில் கணக்கிடுகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தினசரி பாக்கியின் மேல் என்றால் கட்டிய அன்றே பலன். மாத முடிவுப் பாக்கி என்றால் அதற்கேற்ற தேதியில் கட்டலாம்.

அபராதம் போடுவார்களா என்ற பயம் பலருக்கு இன்னும் இருக்கிறது. மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2012 ஜூனிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் வந்த புது விதி இன்னும் தெளிவு: 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கும் அல்லது புதுப்பிக்கும் கடன்களில், தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கிய மாறும் வட்டிக் கடன் என்றால் பகுதியாக அடைத்தாலும் முழுதாக அடைத்தாலும் கட்டணம் கிடையாது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது, இத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்றும் சொல்லக் கூடாது. நிலையான வட்டிக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. முதல் இரண்டு மூன்று வருடம் நிலையான வட்டி, அப்புறம் மாறும் வட்டி என்று ஒரு வகை விற்கிறார்களே, அதில் நீங்கள் கட்டும் சமயத்தில் கடன் எந்த வட்டியில் ஓடுகிறது என்பதுதான் கணக்கு.

எஸ்ஐபியா, கடனா? இதற்கு முன்னால் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஆறு மாதச் செலவும் தவணையும் சேர்ந்த அளவுக்கு வங்கியில் பணம் இருக்கிறதா? கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன், நகைக்கடன் ஏதாவது இருக்கிறதா? முதலாவது இல்லை, அல்லது இரண்டாவது இருக்கிறது என்றால் வீட்டுக்கடனைத் தொடவே வேண்டாம். வீட்டுக்கடனில் போட்ட பணம் திரும்பி வராது. அவசரத்துக்குக் கேட்டால் டாப்-அப் கடன் என்று புதிதாக விண்ணப்பம் போட வேண்டும், அதுவும் வேலை இருந்தால்தான் கிடைக்கும். எங்கள் கிளையில் ஒருவர் பிஎஃப் பணம் எல்லாவற்றையும் எடுத்து வீட்டுக்கடனில் கொட்டிவிட்டு, ஆறே மாதத்தில் மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு 14 சதவீதத்தில் பர்சனல் லோன் கேட்டு என் மேஜை முன்னால் உட்கார்ந்தார். இதற்கு மாற்றாக ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடன் உண்டு, எஸ்பிஐயின் மேக்ஸ்கெயின் மாதிரி. கூடுதல் பணத்தை அந்தக் கணக்கில் போட்டு வைத்தால் அந்த அளவுக்கு வட்டி குறையும், தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வட்டி சற்றே கூடுதலாக இருக்கும். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் போனஸ் பெரிதாக வாங்குபவர்களுக்கும் பொருந்தும். கணக்கில் பணம் இருந்தால் கை அரிக்கும் ஆள் என்றால் வேண்டாம்.

இரண்டு கேள்வியிலும் தேறிவிட்டீர்கள் என்றால், ஒப்பிட வேண்டிய எண் 8.5. முன்கூட்டிக் கட்டும் பணத்துக்குக் கிடைக்கும் இந்த 8.5-க்கு வருமான வரி கிடையாது, ஏற்ற இறக்கமும் கிடையாது. 7 சதவீத எஃப்டி, 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு வரி போக 5-க்குக் கீழே. பிபிஎஃப் 7.1. இரண்டுமே கடனிடம் தோற்கும். எஃப்டியை வைத்துக்கொண்டு வீட்டுக்கடன் கட்டுவது, அவசர நிதியைத் தவிர, எனக்குப் புரியாத விஷயம். பிஎஃப் மட்டும் கிட்டத்தட்ட சமமாக நிற்கும், 2024-25-க்கு 8.25 கொடுத்தார்கள். அதனால் கட்டாயப் பிடித்தத்துக்கு மேல் விருப்ப பிஎஃப் போடுபவர் அதை நிறுத்திவிட்டுக் கடனுக்கு ஓட வேண்டியதில்லை. பங்குச் சந்தை ஃபண்டுகள் பத்து பதினைந்து வருடத்தில் 8.5-ஐத் தாண்டலாம். தாண்டினாலும் வருடத்துக்கு 1.25 லட்சத்துக்கு மேலான நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு. தாண்டாமலும் போகலாம். சந்தை முப்பது சதவீதம் விழுந்த மாதத்தில் எஸ்ஐபியை நிறுத்தாமல் இருந்த ஆளா நீங்கள்? இதற்கு முன் அப்படி இருந்திருந்தால் 5,000-ல் பாதியை எஸ்ஐபிக்குக் கொடுங்கள். இல்லையென்றால் முழுவதையும் கடனில் போடுங்கள். வட்டி உங்களுக்கு 7.5-க்குக் கீழே இறங்கிவிட்டால் நான் எஸ்ஐபி பக்கம் கொஞ்சம் சாய்வேன்.

"வரிச்சலுகை போய்விடுமே" என்று ஆடிட்டரே சொல்வார். புதிய வரி முறையில் நீங்கள் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குச் சலுகையே இல்லை, ஆகவே போக ஒன்றுமில்லை. பழைய முறையில் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை, அசலுக்கு 1.5 லட்சம் வரம்புக்குள் கழிவு உண்டு. முன்கூட்டிக் கட்டும் அசலும் அந்த 1.5 லட்சத்தில் சேரும். உங்கள் முதல் வருட வட்டி 3.37 லட்சம். அதில் 2 லட்சத்துக்குத்தான் கழிவு, மேலே இருக்கும் 1.37 லட்சத்துக்கு ஒரு பைசா சலுகை கிடையாது. நீங்கள் முன்கூட்டிக் கட்டும்போது முதலில் குறைவது இந்தச் சலுகையில்லாத வட்டிதான். பாக்கி அசல் ஏறக்குறைய 23 லட்சத்துக்கு வரும்வரை வரிச்சலுகையில் ஒரு ரூபாய் குறையாது. கணவன் மனைவி இருவரும் கூட்டு உரிமையாளர்களாகவும் கூட்டுக் கடனாளிகளாகவும் இருந்தால் ஆளுக்கு 2 லட்சம் என்பதால் கணக்கு மாறும். அந்த வீட்டில் 'வரிச்சலுகை போய்விடும்' என்ற வாதம் நிற்கும்.

கடைசித் தவணை கட்டும் நாளைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பத்து வருடம் கழித்து தேட வேண்டாம். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இருக்கும் விதி இது. கடன் வாங்கியபோது எந்தெந்த ஆவணம் கொடுத்தீர்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்கள். அந்தப் பட்டியலை இன்றைக்கே தேடி எடுத்து ஒரு பிரதி பத்திரமாக வையுங்கள். நான் வாங்கப் போன அன்று, பழுப்பு உறைக்குள்ளிருந்து தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா நகல், கட்டட அனுமதி என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பரப்பி, பட்டியலில் டிக் போட்டு வாங்கினேன். 1987-ம் வருடத்துப் பத்திரத்தில் ஒரு பக்கம் குறைந்தது. நல்லவேளை, அது வேறொரு உறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அப்புறம் யாரைப் போய்க் கேட்பது?

பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. எம்ஓடியைப் பதிவு செய்திருப்பதால் வில்லங்கச் சான்றிதழில் அந்த அடமானம் அப்படியே நிற்கும். கடன் கொடுத்தவர்களின் அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீது ஆவணம் பதிந்து கொடுக்க வேண்டும். அதற்கு அவர்களிடம் தேதி வாங்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும், ஆனாலும் விடாதீர்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, வீட்டை விற்கப் போகும்போது வில்லங்கத்தில் பழைய கடன் தெரிந்து அட்வான்ஸ் வரை வந்த பேரம் முறிந்த கதைகள் ஏராளம். பதிந்த பிறகு ஆன்லைனில் வில்லங்கம் போட்டு ரசீது பதிவு வந்துவிட்டதா என்று பாருங்கள். மத்திய அடமானப் பதிவேடான செர்சாயிலும் பெயரை நீக்கச் சொல்லுங்கள். ஓரிரு மாதம் கழித்து உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வந்திருக்க வேண்டும்.

கடன் வாங்கும்போது ஒரே பிரீமியமாக ஒரு காப்பீட்டையும் கடனோடு சேர்த்துக் கட்டிவிட்டிருப்பார்கள், உங்கள் அனுமதிக் கடிதத்தில் பாருங்கள். கடனை முன்கூட்டி அடைத்தால், மீதிக் காலத்துக்கான தொகையில் ஒரு பகுதியைச் சரண்டர் மதிப்பாகத் திருப்பித் தரும் பாலிசிகள் உண்டு. கேட்டால்தான் தருவார்கள். அப்படியே வங்கியில் தவணை பிடிக்கக் கொடுத்த நாச் உத்தரவையும் ரத்து செய்துவிடுங்கள். கடன் முடிந்த அடுத்த மாதம் ஐந்தாம் தேதி எனக்கு ஒரு தவணை பிடித்துவிட்டு, திருப்பித் தர இருபத்திரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள்.